சாமி போகும் வரிசையில் தண்ணீர்

ஊரில் தண்ணீர் வந்தால் அது தலைவர் கொண்டுவந்தது. வராவிட்டால் கிளார்க்கு நிறுத்தியது. இந்த ஒரு விதி தெரிந்தால் எங்கள் உத்தியோகம் முழுக்கத் தெரிந்த மாதிரிதான். காகிதத்தில் நான் ஊராட்சிச் செயலர். ஊருக்கு நான் கிளார்க்கம்மா. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம், வாருங்கள்.

குறை தீர்க்கும் குழு

வந்த புதிதில் நிர்வாகத்தைச் சீர்படுத்தியே தீருவது என்று ஒரு வேகம். குறை சொல்ல வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். விளக்கோ குப்பையோ தண்ணீரோ, ஒரு வரி போட்டால் போதும், ஆபீசுக்கு அலைய வேண்டாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லவும் வைத்தேன். மறுநாளே கோபுரப் படங்களோடு காலை வணக்கம் குவிந்தது. பௌர்ணமி வந்தால் கிரிவலம் போனவர்கள் வழி நெடுக எடுத்த படங்கள். யாரோ தெருவிளக்கு எரியவில்லை என்று போட, அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் கும்பிடு வைத்திருந்தார்கள். மேட்டுத் தெருவிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. அங்கே குறையே இல்லை போலிருக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஒருநாள் அந்தத் தெரு முனியம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார். வேங்கிக்கால் பக்கம் புது வீடு கட்டும் இடங்களில் சித்தாள் வேலை. அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் எட்டிப் பார்ப்பதற்குள் காலை பஸ் போய்விடுகிறது. தண்ணீருக்கு நின்றால் வேலை இல்லை, வேலைக்குப் போனால் தண்ணீர் இல்லை. இன்னொரு தடவை தாமதமாக வந்தால் வேற ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். குழுவில் போட்டிருக்கலாமே என்றேன். இடுப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "நாள் பூரா ஊரான் வூட்டு செவுத்துக்குத் தண்ணி ஊத்தறேன் கிளார்க்கம்மா. என் வூட்டு கொடத்துக்கு ஊத்தத்தான் தண்ணி இல்ல."

மோட்டார் வேட்டை

தண்ணீர் ஏன் மேடு ஏறவில்லை என்று பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டியிருக்கவில்லை. முதலில் தண்ணீர் வருவது கோயில் தெருவுக்கு. அங்கே வீட்டுக்கு வீடு குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சி, மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்கிறார்கள். கடைசியில் மேட்டுத் தெருவுக்குத் திறக்கும்போது ஊர் மேல்நிலைத் தொட்டி காலியாகி, குழாயில் காற்றுதான் வரும்.

தொட்டி ஆபரேட்டர் ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு மோட்டார்களைப் பிடுங்கக் கிளம்பினேன். முதல் வீடே வார்டு உறுப்பினர் வீடு. திண்டாடிப் போவார் என்று பார்த்தால், எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். மோட்டார் தப்புதான் என்று ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொள்ளும்போதே அது வீட்டுக்குப் பின்னால் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான், டீயில்தான் சர்க்கரை கம்மி ஜாஸ்தி. உறுப்பினர் சொன்னதையே இங்கே தருகிறேன்: "நான் இப்பவே கழட்டிடறேம்மா. பக்கத்து வூட்டுக்காரன் கழட்டிட்டான்னு மட்டும் ஒரு வார்த்தை வந்து சொல்லிடுங்க."

முதல் மரியாதை

சரி, வரிசையையாவது மாற்றலாம், தொட்டி நிரம்பி இருக்கும்போதே மேட்டுத் தெருவுக்கு முதலில் திறந்துவிடலாம் என்றேன். ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஏதோ மூலவரை இடம் மாற்றச் சொன்ன மாதிரி இருந்தது அந்தப் பார்வை. மாரியம்மன் திருவிழாவில் சாமி முதலில் கோயில் தெரு, அப்புறம் நடுத்தெரு, கடைசியில் மேட்டுத் தெரு என்று சுற்றும். வால்வையும் அதே வரிசையில்தான் இத்தனை வருடமும் திறந்துகொண்டிருக்கிறார். ஒருமுறை கோயில் தெரு வால்வு இறுகிப்போய், நடுத்தெருவுக்கு முதலில் திறந்துவிட்டதற்குக் கோயில் தெருவே திரண்டு வந்துவிட்டதாம். தண்ணீர் குறைந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நடுத்தெருவுக்கு அப்புறம்தான் நாங்களா என்றுதான் கேட்டார்கள்.

"சாமி போற வரிசைல தொறந்தா யாரும் கேக்க மாட்டாங்க மேடம். என்னைப் படைச்சவனே வந்து மாத்தச் சொன்னாலும், மொதல்ல கோயில் தெருவுல கேட்டுக்கினு வாப்பான்னுதான் சொல்லுவேன்."

கிராம சபை

வேறு வழியில்லாமல் கிராம சபையில் வைத்தேன். எதிர்பார்த்தபடியே கூச்சல். காலங்காலமாக வந்த முறை என்றார்கள். நேற்று வந்த கிளார்க்குக்கு ஊர் வழக்கம் என்ன தெரியும் என்றார்கள். ஊர் வழக்கம் தெரியாதுதான், ஆனால் தண்ணீர்த் தொட்டி வந்ததே நான் பிறந்த பிறகுதானே என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். தலைவர் எல்லாப் பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கிராம சபை கூடுவது அரசு விடுமுறை நாளில்தான், ஆனால் கட்டட வேலைக்கு விடுமுறை கிடையாது. மேஸ்திரியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ, முனியம்மா கடைசி வரிசையில் நின்றிருந்தார். கூச்சல் ஓயும்வரை காத்திருந்தவர், குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று சொன்னார்: "சாமி கடைசியா வந்தாலும் எங்க தெருவுக்கு ஏறி வருதுங்க. தண்ணி ஏறலியே."

சாமியை இழுத்துவிட்ட பிறகு கோயில் தெருக்காரர்கள் எதிர்த்துப் பேசினால், அது சாமியையே எதிர்த்த மாதிரி ஆகிவிடும். சரி, பார்க்கலாம் என்றார் தலைவர்.

முதல் நாள்

விடிவதற்குள் ஏழுமலை, விபூதி பூசிக்கொண்டு, மேட்டுத் தெரு வால்வை முதலில் திறந்தார். அங்கேதான் கோட்டை விட்டோம். எப்போது வரும் என்றே தெரியாத தண்ணீருக்காக, மேட்டுத் தெருவில் எல்லோரும் குழாயைத் திறந்தே போட்டு, கீழே காலிக்குடம் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். குடத்தில் சொட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்துகொள்வது வழக்கம். அன்றைக்குச் சொட்டவில்லை, கொட்டியது. எழுந்து வருவதற்குள் குடம் உருண்டு, தெரு நிறைந்து, சரிவில் இறங்கிக் கோயில் தெருக் கோலங்களை எல்லாம் அடித்துக்கொண்டு போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதே சாக்கில் பழைய வரிசைக்குப் போய்விடுவார்கள், முனியம்மா வேலை போனது போனதுதான் என்று நினைத்தேன். தலைவர் இன்னும் ஒரே ஒரு நாள் என்றார். வார்டு உறுப்பினர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்று, திருப்தியாகச் சொன்னார்: "பாத்தியாம்மா? எங்க தண்ணி எங்கள வுட்டுப் போவாது."

காலை பஸ்

அன்று சாயங்காலமே முனியம்மா வீடு வீடாகப் போய்க் குழாயை மூட வைத்தார். மறுநாள் ஒரு சொட்டுக்கூடச் சரிவில் இறங்கவில்லை. கோயில் தெருவுக்கும் தண்ணீர் வந்தது, அவர்கள் முறைப்பு மட்டும் குறையவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, காலையில் தண்ணீர் விடுவதைப் பார்க்க வந்த இடத்தில் ஸ்கூட்டி பழுதாகி நிற்க, ஒன்றிய அலுவலகம் போகக் காலை பஸ்சில் ஏறினேன். முன் சீட்டில் முனியம்மா. தலைமுடி ஈரமாக, நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. வேலை நாளில் தலைக்குக் குளித்துவிட்டுப் பஸ்சைப் பிடித்திருக்கிறார். மேஸ்திரி இப்போது ஒன்றும் சொல்வதில்லையாம். என் வேலையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன், நன்றி சொல்வார் என்றுகூட லேசாக ஒரு நினைப்பு. அவர் ஜன்னல் வழியாகத் தன் தெரு மேட்டைக் காட்டினார்.

"சாமி ஏறுது, தண்ணியும் ஏறிடுச்சி. இந்த பஸ்சு மட்டும் கோயில் தெருவுலயே திரும்பிடுது கிளார்க்கம்மா. அத எப்ப ஏத்தப் போறீங்க?"

ஊராட்சியைச் சீர்படுத்துவது என்றால் வேறொன்றுமில்லை, ஒரு குறை எழுந்துபோன நாற்காலி ஆறுவதற்குள் அடுத்த குறைக்கு அதைத் துடைத்துப் போடுவதுதான்.