செவலையின் காதில் சொன்னது

மும்பை செம்பூர் மைதானத்தில் டிரஸ்ஸாஜ் முகாம், மூன்றாம் நாள். குதிரையை ஒவ்வோர் அடியும் அளந்து வைக்கப் பழக்கும் வித்தை இது. கோவையிலிருந்து லாரியில் கொண்டுவந்த என் செவலைக்கு ஓர் அடியும் சரியாக விழவில்லை. லோக்கல் ரயில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் உடல் முழுக்க நடுங்குகிறாள். பழியை முகாமின் குதிரைக்காரர் மேல் போடுகிறேன். இந்தி தெரியாத எனக்கு அதட்டுவதற்கு மட்டும் இந்தி வந்துவிடுகிறது. அவரை அதட்டிவிட்டு, செவலையின் காதில் தமிழில் முனகுகிறேன். "இந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியலடி. இவன் தொட்டாலே உனக்கு ஆக மாட்டேங்குது."

மறுபடி ஹாரன். செவலை இரண்டு காலில் எழுந்து என்னை மண்ணில் தள்ளிவிட்டு வேலியை நோக்கி ஓடுகிறாள். குதிரைக்காரர் துரத்தவில்லை. குறுக்கே போய் நின்று, கைகளைத் தொங்கவிட்டபடி, "ஏட்டி, ஒண்ணுமில்லட்டி. ரயிலுதான் போவுது" என்கிறார். அவள் நின்று, அவர் தோளில் முகத்தை வைத்து மூச்சு வாங்குகிறாள்.

எழுந்து போகிறேன். "நீங்க தமிழா?"

"தாராவி. பூர்வீகம் திருநெல்வேலி." கடிவாளத்தை என் கையில் கொடுக்கிறார். "மூணு நாளா அவ காதுல சொன்னியளே, அவளுக்குப் புரிஞ்சுதோ என்னமோ. எனக்குப் புரிஞ்சுது."