ஜெயரூபி கட்டிய நாடா

ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடியபடி ஜெயரூபி நிற்கிறார். தண்ணீர் நிறைத்த பீப்பாய்ப் பரலில் மாட்டிய படகு எஞ்சின் கடகடவென்று அதிர்கிறது. புதிதாக வருகிறவர்கள், அவர் செபிக்கிறார் என்று எண்ணிச் செருப்பைக் கழற்றுவதும் உண்டு. "செபமெல்லாம் விடியவே முடிஞ்சுது. பெயாரிங் என்ன கதைக்குதெண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறன்" என்பார், கண்ணைத் திறக்காமலே.

முல்லைத்தீவு மாவட்டத்தின் நாயாற்றுக் கரையில் ஒரு தகரக் கொட்டில்தான் அவருடைய பட்டறை. போருக்குப் பிறகு மீள்குடியேறிய புதிதில் யாரோ நடத்திய எஞ்சின் பயிற்சிக்குப் பதினொரு ஆண்களோடு இவரும் போனார். முதல் நாள், தேத்தண்ணி ஊற்ற வந்த பெண் என்று நினைத்து ஒருவர் வெறுங்கோப்பையை நீட்டினாராம். அந்தப் பதினொருவரில் இன்று ஸ்பானர் பிடிக்கிறவர் எவருமில்லை. கோப்பையை நீட்டியவரின் எஞ்சினும் இப்போது இங்கேதான் வருகிறது. ஜெயரூபி அதையும் ஒழுங்காகத்தான் திருத்திக் கொடுக்கிறார், ஆனால் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்க மறப்பதில்லை.

நாற்பத்தாறு வயது. எலுமிச்சங்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் உள்ளங்கைக் கறுப்புப் போகாது. ஞாயிறு பூசையில் நற்கருணைக்கு நீட்டுவதும் அந்தக் கையைத்தான். அதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. யாராவது, "கடவுள் பாத்துக்கொள்ளுவார், கெதியாப் பூட்டித் தாங்கோ" என்று அவசரப்படுத்தினால்தான் முகம் மாறும். "கடவுள் கடலைப் பாப்பார். நட்டை நான்தான் பாக்கோணும்" என்று சொல்லி, பூட்டியதை வேண்டுமென்றே இன்னொரு தரம் கழற்றிப் பார்ப்பார்.

இந்தக் கண்டிப்பு சும்மா வந்ததல்ல. போன வருடம் வரைக்கும் அவருக்கொரு வழக்கம் இருந்தது. அந்தோனியார் சுரூபத்தில் முட்டவைத்து எடுத்த பழுப்பு நாடாவில் ஒரு துண்டை, திருத்தி முடித்த ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் கட்டிவிட்டுத்தான் மூடியைப் பூட்டுவார். கரையில் சைவ சமயக்காரர்கூட அதைக் கேட்டு வாங்கிக் கட்டுவித்தார்கள். வைகாசியில் அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாள் செபம் நடந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், மீனவர் ராஜரத்தினத்தின் எஞ்சினை முடித்துக்கொண்டிருக்கையில் கோயில் மணி அடித்துவிட்டது. நவநாளுக்குப் பிந்திப் போவதா? கைக்கு எட்டிய இடத்தில் நாடாவை முடிந்து, மூடியைப் பூட்டி, ஓட்டமாக ஓடினார்.

அடுத்த நாள் விடிய, நடுக்கடலில் எஞ்சின் நின்றது. ராஜரத்தினமும் மருமகனும் இருந்த படகைக் கரையிலிருந்து வீசும் கச்சான் காற்று வெளியே வெளியே இழுத்தது. மத்தியானம் திரும்பிக் கடற்காற்று எழும்பிய பிறகுதான் கொக்கிளாய்ப் பக்கம் கரை ஒதுங்கினார்கள். இறங்கினதும் ராஜரத்தினம் மண்ணில் முழங்காலிட்டு, நாடா இருந்தபடியால்தான் உயிர் தப்பினோம், இது அந்தோனியார் செய்த புதுமை, அற்புதம் என்று அழுதார். பொழுதுபடுவதற்குள் கரை முழுக்க அதே கதை. நாடா கேட்டு ஜெயரூபியின் படலையில் ஆட்கள் நின்றார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு, திருத்தக் கொண்டுவந்து போட்டிருந்த ராஜரத்தினத்தின் எஞ்சினைத் திறந்தார். நாடா சுழலும் பிளைவீல் சக்கரத்துக்குள் சுற்றுண்டு, பக்கத்து வயரை அறுத்து, கரிந்து கிடந்தது. எஞ்சினை நிறுத்தியதே அதுதான்.

பார்த்தது அவர் ஒருவர்தான். துண்டை எடுத்து அடுப்பில் போட்டிருந்தால் அத்தோடு சரி. சொன்னாலோ, இரண்டு உயிரைக் கடலில் தத்தளிக்க விட்ட கைக்கு இனி யார் எஞ்சின் தருவார்கள்? பட்டறையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் கிடையாது. "உங்களுக்கும் நல்ல பேர், எனக்கும் நல்ல பேர். அதை என்னத்துக்கு உடைப்பான்?" என்று அந்தோனியாரிடமே கேட்டாராம். அவர் வாயே திறக்கவில்லை என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார். அன்று சிரிப்பு வரவில்லை, சோறும் இறங்கவில்லை.

ஞாயிறு பூசை முடிவில் பாதர் ராஜரத்தினத்தைச் சாட்சி சொல்ல முன்னுக்குக் கூப்பிட்டார். மனிசன் சொல்லச் சொல்லச் சனம் கண்ணைத் துடைத்தது. பெண்கள் பக்கத்து முன் வரிசையிலிருந்து ஜெயரூபி எழும்பினார். கையில் அந்தக் கரிந்த துண்டு இருந்தது.

"பாதர், கரை சேத்தது அந்தோனியார்தான். ஆனா எஞ்சினை நிப்பாட்டினது நான். நவநாளுக்கு நேரம் போச்செண்டு அவசரப்பட்டுக் கண்ட இடத்தில நாடாவைக் கட்டிப்போட்டன்."

ராஜரத்தினத்தின் முகம் செத்துப்போயிற்று. உயிரைக் கொண்டுபோகப் பார்த்த நாடாவையென்றால் மன்னித்திருப்பார், சொல்லி மகிழ்ந்த புதுமையையல்லவா இவர் பறித்துவிட்டார்! அன்றைக்கே ஜெயரூபி புது வயர் போட்டு, எஞ்சினைக் கொண்டுபோய் அவர் வாசலில் இறக்கினார். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதன் பிறகு ராஜரத்தினம் எஞ்சினைத் திருத்த முல்லைத்தீவுப் பட்டினத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். வேறு சிலரும் அவர் பின்னால் போனார்கள். வெறும் பரலின் முன்னால் ஜெயரூபி குந்தியிருந்த நாட்கள் கொஞ்சமல்ல. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே முன் வரிசையில், தலையை நிமிர்த்தித்தான் நின்றார். நின்றால் அப்படியல்லவா நிற்கவேண்டும்!

போன கிழமை ராஜரத்தினம் உழவு இயந்திரப் பெட்டியில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு வருடத்துக்கு மேலாகக் கதைபேச்சில்லை. இறக்கி வைத்துவிட்டுப் பரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பட்டினத்துப் பெடியன் வேலை நல்லாத்தான் செய்யிறான், பிள்ளை. ஆனா பிழை விட்டால் வந்து சொல்லுவானோ எண்டு எனக்குத் தெரியேல்லை. நீ சொல்லுவாய்."

ஜெயரூபி கழற்றினார், துடைத்தார், பூட்டினார், ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். மூடியைப் போடக் கையெடுக்கும்போது ராஜரத்தினம் மெல்லக் கேட்டார்: "நாடா கட்டேல்லையே, பிள்ளை?"

ஜெயரூபி மூடியைக் கீழே வைத்தார். எண்ணெய் ஊறிய வலது உள்ளங்கையை விரித்து, அதன் நடுவில் இடது பெருவிரலால் சின்னதாக ஒரு சிலுவை வரைந்தார். பிறகு அதே கையால் ஸ்பானரை எடுத்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த நட்டை இன்னொரு தரம் இறுக்கிப் பார்த்தார்.