பதினேழாம் ஆணி

டக்… டக்… டக். நேற்று இருட்டிய பிறகு தெருவில் கேட்ட அந்தச் சத்தத்துக்குக் கடைசியில் வருகிறேன். ஆள் எண்ணுகிற வேலையில், ஏறியவர்களில் இறங்கியவர்கள் போக மீதி ஒன்றுமில்லை என்றால்தான் தூக்கம். கண்டக்டர்களே, டீச்சர்களே, கணக்கில் ஓர் ஆள் குறையும் அந்த ஒரு நிமிஷம் உங்களுக்கும் தெரியும்.

கம்பத்துக்கு மேற்கே மலையில் நெடுந்தூர நடைப்பாதை ஒன்றை வனத்துறையும் எங்கள் ஊர்க் குழுவும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. ஏறும்போது ஆளுக்கொரு எண் போட்ட டோக்கன் கொடுப்பேன்; என் வீட்டுச் சுவரில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஆணி. இறங்கியதும் என் வீட்டில் திருப்பித் தர வேண்டும். கடைசி டோக்கன் ஆணியில் தொங்கும்வரை கதவைத் தாழிடக் கூடாது என்பது குழுவின் ஏற்பாடு. வீடோ ஊரின் கடைசி வீடு. வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டப் போகும் நாட்களில் நானும் எட்டு மாதப் பிள்ளையும்தான்.

மெஷின் கணக்கு

பாதையோர மரத்தில் ஆள் எண்ணும் மெஷின் கட்டினார்கள். முதல் வாரமே கூட்டம் அலைமோதுவதாகக் காட்டியது. கழிப்பறை கட்டலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. வனக் காவலர் போய்ப் பார்த்தால், காலையும் மாலையும் கடந்தவை வேலு அண்ணனின் ஆடுகள். வேறு வழியில் ஓட்டிப் போகச் சொன்னேன். கான்வென்ட்டில் படித்ததால் ஊருக்கு நான் டீச்சர். "ஒங்க ஆளுகளவிட எங்க ஆடுக ஒழுங்கா எறங்கி வருது டீச்சர். அதுகளுக்கும் டோக்கன் குடுங்க" என்றார்.

கூட்டாளிகள்

பாதையில் மரம் விழுந்தது. குழு வனத்துறையைக் கைகாட்டியது, வனத்துறை குழுவை. ஒரு மாதம் எல்லோரும் அதன் அடியில் தவழ்ந்துதான் போனார்கள். கூட்டம் போட்டுக் கேட்டதற்குக் காவலர் நிதானமாகச் சொன்னார்: "மரம் எங்களுது. அது மறிச்சுக் கெடக்குற பாதை ஒங்களுது."

நேற்று

பதினெட்டுப் பேர் ஏறினார்கள். பொழுது சாய்ந்தும் பதினேழாம் ஆணி காலி. தேனி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பின்தங்கிவிட்டாராம், போன் அணைந்திருந்தது. மேலே யானை நடமாட்டம். அரை மணி பார்த்துவிட்டு நாலு பேரோடு தேடப் போவதாகக் குழுத் தலைவர் சொன்னார். அவர்களும் போனால் என் கணக்கில் இன்னும் ஐந்து பேர் கூடுவார்கள். பிள்ளையை மடியில் போட்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த டக் டக். மலைப் பக்கமிருந்து இல்லை, பஸ் நிறுத்தத்திலிருந்து. கையில் அரிவாளை எடுத்தேன்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஜவுளிக்கடைக்காரர் வந்து நின்றார். திராட்சைத் தோட்டக் குறுக்குவழியில் இறங்கி, நேரே பஸ் ஏறிவிட்டிருக்கிறார். "கம்பத்துல எறங்கிப் பையில கைய விட்டா டோக்கன். இது வராம தங்கச்சி கதவச் சாத்தாதுன்னு கூட வந்தவுக சொன்னாக, அதான் திரும்பிட்டேன்" என்றார், அரிவாளைப் பார்த்தபடி.

தலைவருக்குச் சொல்லிவிட்டு டோக்கனை மாட்டினேன். இத்தனை பேரை ஏற்றி இறக்கிய நான் பயந்துகொண்டு அந்தப் பாதையில் இன்றுவரை ஓர் அடிகூட வைத்ததில்லை என்று நினைத்தபடியே கதவை உள்ளே தாழிட்டேன்.