ஸ்லாவிட் போகும் பேருந்து

ஹெர்பர்ட் குவார்ம்பி இருபது ஆண்டுகளாக, வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து ஸ்லாவிட் போகும் பேருந்தில் நடத்துநர். பலகையில் அந்த ஊர்ப் பெயர் 'ஸ்லெய்த்வெயிட்' என்று வாசிக்கும்படி எழுதியிருக்கும். ஊரார் வாயில் அது ஸ்லாவிட்தான். எழுதியபடி சொல்லும் வெளியூர்க்காரரைக் கேலி செய்வது அந்த வண்டியின் வழக்கம். அங்கே பிறந்தது தற்செயல். அதையே தகுதியாக நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நவம்பர் மதியம் கறுப்புக் கோட்டு அணிந்த பெண் ஒருத்தி படியில் நின்று, "ஸ்லெய்த்வெயிட் போகுமாங்க?" என்று கேட்டாள்.

"அப்படி ஒரு ஊரே கெடையாதும்மா," என்றார் ஹெர்பர்ட்.

"கடல் தாண்டி இருக்கும்போல!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். வண்டியே சிரித்தது. அவள் முகம் சிவந்து இறங்கிவிட்டாள். வண்டி கிளம்பியது. மணியடித்து நிறுத்தியிருக்கலாம்; ஹெர்பர்ட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள்தான் தெரிந்தது, அவள் லண்டனிலிருந்து தம்பியை அடக்கம் செய்ய வந்தவள் என்று. அடுத்த பேருந்தில் போய்ச் சேர்வதற்குள் குழியை மூடிவிட்டிருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில், கல்லறைக்குப் பூ வாங்கிக்கொண்டு அவள் மறுபடி அதே வண்டியில் ஏறினாள். "ஸ்லாவிட்," என்றாள் மெதுவாக. "இப்போ சரியாச் சொல்றேனாங்க?"

ஹெர்பர்ட் பயணச்சீட்டைக் கிழித்து நீட்டினார். "நீங்க அன்னைக்குச் சொன்னதே எனக்குப் புரிஞ்சுதும்மா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ ஏன் என்னை ஏத்திக்கலை?"

வண்டியில் யாரும் சிரிக்கவில்லை. அவள் போய் உட்காரும்வரை ஹெர்பர்ட் மணியடிக்கவில்லை.