அத்தையின் கம்ப்யூட்டர் எனக்கு வந்த கதை

பழைய கம்ப்யூட்டரில் புதுப் பாகம் போட்டு ஓட்டுவதா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதா என்று அலுவலகத்தில் யாராவது யோசனை கேட்டால் நழுவிவிடுவேன். ஹிஞ்சேவாடி ஆபீஸிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. இதற்கெல்லாம் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை என்பேன். சின்ன வயதில் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். அதுவே போதும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சாங்வியில் இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் அப்பாவும் அம்மாவும். இன்னொன்றில் நானும் அத்தையும் அத்தையின் கம்ப்யூட்டரும். அத்தை அப்பாவின் தங்கை. திருநெல்வேலியில் படிப்பை முடித்து, இந்த மராத்தி ஊரில் வேலை கிடைத்ததும் எங்களோடு வந்து தங்கியவள். விளையாடுவதற்கென்றே ஒவ்வொரு பாகமாக வாங்கி அவளே பூட்டிய கம்ப்யூட்டர் அது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. கம்பெனி கேப் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது முகம் பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். குளித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். எங்கெங்கோ இருக்கும் கூட்டாளிகளை இந்தியிலும் மராத்தியிலும் ஏசிக்கொண்டு துப்பாக்கியும் கையுமாகத் திரையில் ஓடுவாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதெல்லாம் அந்த நாற்காலியில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் கொஞ்ச நேரம் தருவாள். எனக்கு அது போதவில்லை.

அந்த மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் தளர ஆரம்பித்தது. புது விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடின. உள்ளே விசிறி போடும் இரைச்சலைக் கேட்டு, இந்த நேரத்தில் யார் மிக்ஸி போடுவது என்று அம்மா எட்டிப் பார்ப்பாள். அத்தை புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வரவழைத்தாள். அது இழுக்கும் மின்சாரத்தைப் பழைய பவர் சப்ளை தாங்காது என்பது அவளுக்குத் தெரியாததில்லை, ஆசைதான். கடைக்காரரிடம் கேட்டால், பவர் சப்ளையை மாற்றினால் மட்டும் போதாது, மதர்போர்டையும் மாற்ற வேண்டும் என்று இந்தியில் ஆற அமர விளக்கினார். வேண்டாமென்றால் கார்டைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். கார்டு டப்பாவோடு பீரோவின் மேல் ஏறியது.

வீட்டில் அதே நாட்களில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தையின் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. போட்டோவில் நல்லவராகத்தான் தெரிந்தார். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் பாட்டுக் கேட்பது என்று சொல்ல வேண்டும் என அம்மா அத்தையைத் தயார்படுத்தினாள். துப்பாக்கி விஷயம் வெளியே போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இந்தப் பேச்சு ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

சாப்பிடும்போது இரண்டு பேச்சும் கலந்துவிடும். ஒருநாள் அத்தை, இரண்டு பாகத்தை மாற்றிவிட்டால் இன்னும் மூன்று வருஷம் ஓடும் என்றாள். அப்பா தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார்: "மூணு வருசம் நீ இங்கயா இருக்கப் போற? போற எடத்துக்கு எடுத்துட்டுப் போற மாதிரி லேப்டாப்பா வாங்கு." இந்தப் பெட்டியை விமானத்தில் ஏற்றவா முடியும் என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டாள். லேப்டாப் வந்துவிட்டால் பழையது யாருக்கு என்று நான் யோசித்தேன். மறுநாளே லேப்டாப் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அத்தை எனக்குச் சடை பின்னும்போதும் அதே பல்லவி, படுத்து விளக்கை அணைத்த பிறகும் அதே பல்லவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்வதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அன்று மதியம் அத்தை கம்ப்யூட்டரைத் தரையில் கிடத்திக் கண்ணாடியைக் கழற்றினாள். பெயிண்ட் பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தூசி தட்டினாள். கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை. பீரோவின் மேலிருந்த டப்பாவை இறக்கி மடியில் வைத்தவள், அதைப் பிரிக்காமல் அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நிசமாச் சொல்லு. இதையே சரி பண்ணி வச்சுக்கிடட்டா, லேப்டாப் வாங்கிரட்டா?"

"லேப்டாப் வாங்கிருங்க அத்தை. இது எனக்கு."

"ஒனக்கு அதுதான் வேணுமா?"

வேகமாகத் தலையாட்டினேன். அத்தை என் கன்னத்தில் லேசாகத் தட்டினாள். பிரஷ் பிடித்த கை என்பதால் தூசி ஒட்டிக்கொண்டது. கிண்ணத்திலிருந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியை மூடி, கம்ப்யூட்டரை மேசையில் தூக்கி வைத்து ஒயரைச் செருகினாள். பிறகு எழுந்து கூடத்துக்குப் போய் அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அப்பா போனில் சத்தமாகப் பேசுவதும் அம்மா ரவை வறுக்கும் வாசனையும் அறைக்குள் வந்தன. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நேரமாகிவிட்டது எழுந்திரு என்று சொல்ல ஆளில்லாமல், ஆசை தீர விளையாடினேன்.

லேப்டாப் வாங்கப் போனபோது, கேமிங்குக்கா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, மெயில் பார்க்கத்தான் என்றாள் அத்தை. விளையாட்டெல்லாம் எனக்கே என்று பூரித்துப் போனேன்.

அத்தை ஆஸ்திரேலியாவில் நன்றாகத்தான் இருக்கிறாள். போனில் பேசும்போது தூக்கம் போதவில்லை என்பாள். இப்போது விளையாடுவதுண்டா என்று ஒரு முறை கேட்டேன். நேரம் எங்கே இருக்கிறது என்றாள். இப்போதெல்லாம் எனக்கும் அந்தப் பதில்தான்.

அப்பாவும் அம்மாவும் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவர்களிடம் அவள் கேட்கவே இல்லை. அந்த வீட்டில் தன்னைப் போகாதே என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருக்கிறாள். நானோ, அத்தை கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.