தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

பொன்னன் எந்த இடத்துக்குள் போனாலும் முதலில் கேட்டைத்தான் பார்ப்பார். தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா, சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அவருக்குக் கால் நகரும். கல்யாண மண்டபமானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி. உத்திரமேரூர் ஏரியை ஒட்டிய இருளர் குடியிருப்பில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. சவுக்கு வெட்டப் போனாலும் களத்து வேலைக்குப் போனாலும், வேலை முடிகிற வரைக்கும் யார் கொடுத்தாலும் ஒரு வாய் டீ கூடக் குடிக்கமாட்டார். முன்னால் வாங்கிக் குடித்த டீக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று யார் கண்டது என்பார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. பொன்னன் சூடு கண்டது ஓர் அரிசி ஆலையில். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது அது. மீசை அரும்பாத வயதில் அப்பா அம்மாவோடு வேனில் ஏறிப் போனார். மீசை வந்து, அங்கேயே நெல் அவித்துக்கொண்டிருந்த காளியம்மாளைக் கட்டிக்கொண்டு, கடைசியில் அதிகாரிகள் வந்து பூட்டைத் திறக்க வைத்த அன்றுதான் வெளியே வந்தார். வரும்போது கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். கொத்தடிமையாக இருந்த இவர் விடுவிக்கப்பட்டார், இனி யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை என்று எழுதி, கோபுரம் போட்ட சீல் குத்திய காகிதம். இன்றைக்கும் அது பிளாஸ்டிக் கவருக்குள், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பொன்னனுக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். ஆனாலும் அதில் எந்த இடத்தில் தன் பெயர் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷரைத்தான் அவர் மகள் நதியா யுனிவர்சிட்டிக்கு வா என்று கூப்பிட்டாள். அந்தக் குடியிருப்பில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் பிள்ளை அவள். பள்ளிக்கூடத்துத் தேவகி டீச்சர் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பி.காம் என்று குறித்துவைத்திருந்தார். வேறு பாடம் பிடித்திருந்தால் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாமாம். இன்றைக்குத்தான் கடைசி நாள். சாயங்காலத்துக்குள் பாடத்தைச் சொல்லி, ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்து, அப்பாவோ அம்மாவோ கையெழுத்தும் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். காளியம்மாளுக்கு நடவு வேலை. ஆக, பொன்னன்தான் போக வேண்டியதாயிற்று.

காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவர் துணிப்பையை மடியை விட்டு இறக்கவில்லை. உள்ளே மார்க் ஷீட்டும் டி.சி.யும் சாதிச் சான்றிதழும். அந்தச் சாதிச் சான்றிதழுக்காக அவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதைச் சொல்லப் போனால் அது தனிக் கதை. பஸ் மாகறல் தாண்டும்போது நதியா ஏதோ கேட்டாள். தலையாட்டினார். என்ன கேட்டாள் என்று அவருக்குத் தெரியாது.

பல்கலைக்கழகத்துக் கேட் அகலமாகத் திறந்துதான் கிடந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம். அதுவரைக்கும் நல்லது என்று உள்ளே போனார்.

உள்ளே போனால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. பெரிய கூடம், வரிசை வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு பாடம். வணிகவியல், கணினி, உயிர்த் தொழில்நுட்பம், சமூகப் பணி, காட்சித் தகவலியல் என்று வாயில் நுழையாத பெயரெல்லாம் பலகையில் தொங்கியது. வாசலிலேயே ஆளுக்கொரு மோர் பாக்கெட் நீட்டினார்கள். பொன்னன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாங்காதே என்று மகளுக்கும் கண்ணைக் காட்டினார். அவள் வாங்கிக் குடித்தே விட்டாள்.

நதியாவுக்காவது தெரியுமா என்றால், அதுவும் இல்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொருவர் தங்கள் பாடம்தான் உலகத்தையே தாங்குகிறது என்கிற மாதிரி பேசினார்கள். கணினி மேசையிலிருந்து வந்ததும் கணினி என்றாள். சமூகப் பணியில் பேசியதும் அதுதான் என்றாள். உயிர்த் தொழில்நுட்பத்தில் ஒருவர் அரை மணி நேரம் விளக்கினார், இரண்டு பேரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வந்தார்கள், ஓர் எழுத்து விளங்கவில்லை. பொன்னன் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார். இந்த வேலைக்குக் கையில் என்ன பிடிக்க வேண்டும்? அவருக்குத் தெரிந்து வேலை என்றால் கையில் கத்தியோ மண்வெட்டியோ முறமோ இருக்க வேண்டும். பி.காம் மேசைக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பேனா என்றார். மற்றவர்கள் சிரித்து மழுப்பினார்கள்.

விலங்கியல் மேசையில்தான் வேடிக்கை. அங்கிருந்த பேராசிரியர் சாதிச் சான்றிதழைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். பாம்பு பிடிக்கிறவங்க பரம்பரை, உங்களுக்கு நாங்க பாடம் நடத்துவதா என்று பொன்னனின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் பொன்னனுக்குப் பாம்பென்றால் ஆகாது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் அவர் கட்டில்மேல் ஏறிவிடுவார், காளியம்மாள்தான் விரட்ட வேண்டும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? நதியா முகம் சுண்டிப்போய் அப்பாவை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

கடைசியில் கூட்டமே இல்லாத ஒரு மேசைக்கு வந்தார்கள். புவியியல். அங்கிருந்த அம்மா இரண்டு பேரையும் முதலில் உட்காரச் சொன்னார். பெரிய திரையில் மாவட்டத்தையே மேலேயிருந்து படம் பிடித்து வைத்திருந்தார்கள். உங்க ஊரைத் தேடு என்று நதியாவிடம் கொடுத்தார். அவள் செய்யாற்றைப் பிடித்து, சாலையைப் பிடித்து, ஏரிக்கு வந்துவிட்டாள். கரை தெரிந்தது, தண்ணீர் வழியும் கலங்கல் தெரிந்தது. ஊருக்குப் பெயர் போட்டிருந்தது. ஏரி ஓரத்தில் கடுகு கொட்டின மாதிரி சில கூரைகள், அதற்கு மட்டும் பெயரில்லை. பேர் யார் மேடம் போடுவாங்க என்று கேட்டாள். அதெல்லாம் இரண்டாம் வருஷத்துப் பாடம் என்று அந்த அம்மா சிரித்தார். நதியா அந்தக் கடுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதான் நைனா. இத படிக்கிறேன்."

"நம்ம வூடு எங்க கீதுன்னு நமக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு மூணு வருசம்?" என்றார் பொன்னன். ஆனால் மகள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவைப் பார்த்துவிட்டு, சரி, ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு சேர்க்கை மேசை. அங்கே இருந்தவர் பெயர் வளர்மதி. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தும் சிரித்த முகம். விவரத்தைப் பார்த்தார். நதியாவின் ஊர் தூரம் என்பதைக் கவனித்தார். பிறகு இந்தப் பெரியவர் கவலைப்படக் கூடாது என்று, தன் மனசில் இருந்த அத்தனை நல்லதையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"நீங்க ஒண்ணுமே கட்ட வேணாம்யா. தங்க ரூம் குடுத்துடுவோம். மூணு வேளை சாப்பாடு இங்கயே. மூணு வருஷம் உங்க பொண்ணு எங்க பொறுப்பு. ஒரிஜினல் மட்டும் எங்ககிட்ட இருக்கும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பொன்னன் பேனாவுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். ஆலை ஏஜென்ட் ஏரிக்கரையில் நின்று அவர் அப்பாவிடம் சொன்னது இதைத்தான். ஒண்ணும் செலவில்லை, தங்க ரூம், சாப்பாடு, மூணு வருஷம், எங்க பொறுப்பு, ரேஷன் கார்டு மட்டும் எங்ககிட்ட இருக்கட்டும், இங்கே ரேகை வை. அவரும் சிரித்த முகம்தான். வரிசை கூட மாறவில்லை.

துணிப்பையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். வேணாம்மா, நாங்க வரோம் என்று சொல்லிவிட்டு நடந்தார். வளர்மதி ஒன்றும் புரியாமல் பார்த்தார். நதியாவுக்கு அதைவிடப் புரியவில்லை. பின்னாலேயே ஓடி வந்து, கேட்டுக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் பிடித்து நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர். எல்லாம் முடிஞ்சி வர நேரத்துல ஏன் இப்படி மானத்த வாங்குற என்று கேட்டாள். அந்தக் காகிதத்தைக் காட்டியிருக்கிறாரே தவிர, பொன்னன் ஆலைக்குள் நடந்ததைப் பற்றி அவளிடம் பேசியதே இல்லை. பிள்ளைக்கு எதற்கு அந்த நாற்றம் என்று விட்டிருந்தார். இப்போது தட்டுத் தடுமாறிச் சொன்னார். அவள் கோபம் பாதியில் நின்றது. ஆனால் நேரம் நிற்கவில்லை. கூடத்தில் மேசைகளை மடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

காளியம்மாளுக்குப் போன் போட்டார். சேற்றுக் கையோடு எடுத்தார் அவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவரும் அதே நெல்லை அவித்தவர்தானே.

"உள்ள கீற புள்ளைங்க வெளிய போவுதா? அத பாரு மொதல்ல," என்றார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டைப் பார்த்தார்கள். பையன்கள் போனார்கள், வந்தார்கள். சில பெண்கள் கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கி வந்தார்கள். பொன்னனுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து, உள்ளேயிருந்து கையில் பெட்டியோடு வந்த ஒரு பெண்ணை வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். அவள் கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டித் திருப்பி அனுப்பினார். போச்சுடா என்றாகிவிட்டது பொன்னனுக்கு. எழுந்து போய், ஏன் விடவில்லை என்று கேட்டார்.

ஹாஸ்டல் பொண்ணுங்க, ஊருக்குப் போகணும்னா அப்பன் போன்ல சொல்லணும் என்றார் வாட்ச்மேன். "அப்பன் வுடுன்னா வுட்டுருவேன். எனக்கின்னா?"

பொன்னன் திரும்பி வந்து மரத்தடியில் நின்றார். அப்படியானால் சாவி அப்பன் கையில். அதாவது தன் கையில். முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. கொஞ்சம் யோசித்ததும் அதுவும் ஒரு மாதிரியாக இருந்தது. சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று ஆயுசெல்லாம் பார்த்தவர், அது தன் இடுப்பிலேயே வந்து தொங்கும் என்று நினைத்ததில்லை. நல்ல மனுஷன் கையில் இருந்தாலும் சாவி சாவிதானே.

விறுவிறுவென்று கூடத்துக்குள் நடந்தார். வளர்மதி மேசையிலிருந்த பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பொன்னன் பையை மேசைமேல் வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை.

"அம்மா, நான் ஒரு எடத்துல மாட்டிக்கினு இருந்தேன். வெளிய வரப்போ சர்க்காருல ஒரு காயிதம் குடுத்தாங்க, இவன் யாருக்கும் கட்டுப்பட்டவன் கெடயாதுன்னு. எம்பொண்ணுக்கு அந்தக் காயிதத்த உள்ள போறப்பவே குடுத்துடுங்க. அவ எப்ப வேணான்னாலும் வெளிய வரலாம்னு. யாரையும் கேக்க வாணாம். என்னக் கூட கேக்க வாணாம்."

வளர்மதி அந்தப் பலகையைப் பிடித்தபடியே நின்றார். இப்படி ஒரு காகிதம் அவர்களிடம் இல்லை. அதற்குப் படிவம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தவர், பொன்னனின் கையைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சான்றிதழ்களுக்கான ரசீதை எடுத்து, அதன் கீழே பேனாவால் எழுதினார். மாணவி நதியா தானே வந்து கேட்டால், கேட்ட அன்றே திருப்பித் தரப்படும். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். ஹாஸ்டல் கேட் விஷயம் என் கையில் இல்லைய்யா, அது அவங்க ரூல்ஸ் என்றும் மறைக்காமல் சொன்னார்.

அப்படின்னா பஸ்ஸுல வந்து போறேன் நைனா என்றாள் நதியா. பிறகு பைமேல் இருந்த அப்பாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, சான்றிதழ்களைத் தானே வெளியே எடுத்தாள்.

"நீ குடுக்காத. நான் குடுக்குறேன். நானே கேட்டு வாங்கிக்குவேன்."

பொன்னன் அந்த ரசீதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நதியாவின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது மிச்சமிருந்த மோர் பாக்கெட்டை ஒருவர் நீட்ட, வாங்கி, கேட்டைத் தாண்டிய பிறகு குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் நதியா. ரொம்ப நேரம் கழித்துப் பொன்னன் கேட்டார்.

"ஏம்மா, அந்த பூமிப் படிப்பு படிச்சிட்டு இன்னா பண்ணுவ?"

"தெரியல நைனா. எனக்கும் ஒண்ணும் புரியல. போய்ப் பாக்குறேன். புடிக்கலன்னா வந்துடுவேன்."

 புடிக்கலன்னா வந்துடுவேன். ஆலைக்குள் அத்தனை வருஷத்தில் பொன்னனின் அப்பாவும் சொல்லாதது, அம்மாவும் சொல்லாதது, மனசுக்குள்கூட அவர் சொல்லிப் பார்க்காதது. இந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சும்மா சொல்லிவிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாகறல் வந்ததா என்று கண்டக்டரிடம் கேட்டார். அது எப்பவோ போயிட்டுது என்றார் கண்டக்டர்.