ஈரத் தடத்தில் பள்ளம் இல்லை

காலையில் குளித்து வந்த மகளின் ஈரப் பாதம் தரையில் முழுசாகப் பதிந்தது. நடுவில் பள்ளமே இல்லை.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் கணவர், "தட்டைக் கால்தான். ஷூவுக்குள்ள வைக்க நானே சோல் வெட்டித் தர்றேன்" என்றார். நான் இன்னும் அதிகமாகப் பயந்துவிட்டேன்.

ஆம்பூரில் பிசியோதெரபி மேடத்திடம் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நுனிக்கால்ல நில்லு பாப்பா. பள்ளம் தெரிஞ்சா பயமில்ல."

"மாட்டேன்."

கெஞ்சினேன், மிரட்டினேன். அசையவில்லை.

மேடம் பிஸ்கட் பாக்கெட்டை அலமாரி மேல் வைத்தார். மகள் நுனிக்காலில் எம்பினாள். மேடம் குனிந்து பாதத்தைப் பார்த்தார்.

"பள்ளம் நல்லா விழுது. வளர வளர சரியாய்டும். வீட்லயும் எம்புவாளா?"

"பிஸ்கட் டப்பாவை எடுக்கத் தினம் எம்புறா மேடம். அதுக்குத்தான் தினம் திட்டு வாங்குறா."

"இனிமே திட்டாதீங்க. காலுக்கு நல்லதுதான்."

மகள் அதை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டாள். உங்கள் வீட்டில் பிஸ்கட் டப்பாவை எங்கே ஒளிக்கிறீர்கள்?